திரைக்கு வெளியே ராக்கம்மா

கெலிஓயாக் கடைத்தெருவைத் தாண்டி மேட்டுப் பாதையில் ஏறினால் வரும் முஸ்லிம் வீடுகளில், ஒரு பெண் மவுத்தானால் முதலில் அழுவார்கள். அடுத்தபடியாகச் சித்தி றலியாவுக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் வந்து செருப்பைக் கழற்றி வைத்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்க ராத்தா படுத்தீக்கிறாங்க?" என்று கேட்டபடி உள்ளே போவார். இறந்தவர் தன் அக்கா, தூங்குகிறார் என்பது போலத்தான் அவர் கேட்பார். அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டி, கபன் என்ற வெள்ளைத் துணி உடுத்தி, மணவறைக்கு அனுப்புவது போல அனுப்பிவைப்பார். அதற்கு யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. மரண வீட்டில் அவருக்குப் பிளேன்டி ஊற்றிக் கொடுத்தால்கூட, "நீங்க குடிங்கோ மகள், நீங்கதான் ஒண்டும் குடிக்காம ஈக்கிறீங்க" என்று கொடுத்தவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் மவுத்தான அன்று, அவரைக் குளிப்பாட்ட ஆள் இல்லை.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மகாவலி கரையை விட்டு ஏறி, கீழே பிரதான வீதியைக் கடைகளோடு சேர்த்து மூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் பிள்ளைகளோடு முந்தின நாளே டவுணைத் தாண்டியிருந்த பாடசாலைக்குப் போய்விட்டார்கள். றலியாவை அசைக்க முடியாது என்பதால் அந்த வீடு மட்டும் நகரவில்லை. அவர் மாதக்கணக்கில் கட்டிலோடு இருந்தவர். விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த நேரத்தில், மகள் மஸாஹிரா கரண்டியால் ஊட்டிய தண்ணீரில் பாதி உள்ளே போக, பாதி வெளியே வழிய, கலிமாவோடு மூச்சு அடங்கிவிட்டது.

மின்சாரம் இல்லை. தொலைபேசிகளும் ஒவ்வொன்றாக அணைந்திருந்தன. ஊரில் குளிப்பாட்டத் தெரிந்த இன்னொரு பெண்ணான றம்லத் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார். வீட்டில் இருந்தவர்கள் சிலர்தான். மஸாஹிராவும் அவளுடைய ஒன்பது வயது மகள் இல்மாவும், தம்பி றவூபும், மாதம் நிறைந்த வயிறோடு அவனுடைய மனைவி நுஸ்ஹாவும், றலியாவின் தம்பியான முஹைதீன் மாமாவும் இருந்தார்கள். மஸாஹிராவின் கணவர் கட்டாரில் இருந்தார். தன் வீட்டுக்குக் காவலிருந்த அடுத்த வீட்டு இப்ஹாம் ஓடி வந்து, றவூபைக் கூட்டிக்கொண்டு மேலே மையவாடியில் குழி வெட்டப் போனான்.

ஒரு வளைவு தள்ளியிருந்த சின்ன வீட்டிலிருந்து ராக்கம்மாவும் வந்து சேர்ந்தாள். டவுணில் ஒரு தையல் கடையில் கூட்டிப் பெருக்குகிறவள். றலியாவோடு நாற்பது வருடத்துப் பழக்கம். வந்தவள் முகத்தைப் பார்த்து மாரில் அடித்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே குசினிக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

மஸாஹிராவும் குசினியில்தான் இருந்தாள். மரண வீடு என்றால் அவளுக்குக் குசினிதான் இடம். சொந்தக்காரர்களுக்கு அது ஒரு பகிடி. "மஸாஹிரா வந்துட்டா, இனி தேத்தண்ணிக்குக் குறையில்ல" என்பார்கள். வாப்பா மவுத்தானபோதும் அவள் கதவு நிலையில் நின்று முகத்தைப் பார்த்தாளே தவிர, கிட்டப் போகவில்லை. அவளுக்கு மையித்து என்றால், உயிர் போன உடம்பென்றால், பயம். வளர்ந்து, படித்து, கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலையும் பார்த்து, ஒரு பிள்ளையையும் பெற்ற பிறகும் அந்தப் பயம் அப்படியே இருந்தது. இன்று காலை உம்மாவின் கை தன் கைக்குள்ளேயே குளிர்ந்துபோனதும், அந்தக் கையை மெதுவாக விட்டுவிட்டு எழுந்து வந்தவள்தான். பிறகு அந்த அறைக்குள் போகவில்லை. தன் உம்மாவுக்கே தான் பயப்படுகிறோம் என்ற வெட்கம், பயத்தைவிடப் பெரிதாக அவளை வாட்டியது.

அப்போது ராக்கம்மாவின் மருமகன் யோகராஜ் மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கி வந்தான். முழங்கால் வரை சிவப்புச் சேறு.

"மேல் மலையில வெடிப்பு விட்டிருக்குங்க. ஒரு ஆள் காலு போற அளவுக்கு. இருட்டுறதுக்கு முன்னாடி எல்லாரும் இந்த எடத்த விட்டுக் கெளம்பிறணும். கோயில் மடத்துல எடம் ஒதுக்கியிருக்கோம். வாங்க."

முஹைதீன் மாமா வாசலில் நின்று மலையைப் பார்த்தார். மழையில் மலை தெரியவில்லை. அவர் தாடியைத் தடவிக்கொண்டு குசினிப் பக்கம் வந்தார்.

"மகள், நாளைக்கு வரைக்கும் உம்மாவ வெச்சிக்கொண்டு ஈக்க ஏலா. பின்னேரம் அஸருக்குள்ள அடக்கிரணும். குளிப்பாட்ட ஆள் இல்லாட்டி மார்க்கத்துல வழி ஈக்கி. கையில துணியச் சுத்திக்கொண்டு நான் தயம்மும் செஞ்சி விடுறன்."

தண்ணீர் கிடைக்காத இடத்தில், தொடக்கூடாத நிலையில், மண்ணைத் தொட்டு முகத்தையும் கையையும் தடவிச் சுத்தம் செய்கிற முறை அது. மாமா சொன்னதில் பிழையில்லை. சலுகை சலுகைதான். ஆனால் ஊரிலுள்ள அத்தனை பெண்களுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் வார்த்து அனுப்பிய உம்மா, நான்கு பக்கமும் தண்ணீர் கொட்டுகிற நாளில் ஒரு துளி படாமல் மண் தடவிப் போவதா? ஆனாலும் மஸாஹிரா வாய் திறக்கவில்லை. திறந்தால், 'நான் செய்கிறேன்' என்று சொல்ல வேண்டி வரும்.

அறையிலிருந்து நுஸ்ஹா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. எழுந்து நடக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"எதுக்கு தயம்மும்? நான் மார்க்க வகுப்புல முறையப் படிச்சீக்கிறன் மாமா. நான் மாமியக் குளிப்பாட்டுறன்."

"புள்ளத்தாச்சி மையித்துக் கிட்டப் போறல்ல" என்றார் மாமா.

"அப்படி ஒண்டும் மார்க்கத்துல இல்ல. நீங்க குளிப்பாட்டுற பலகைய மட்டும் தூக்கிப் போடுங்கோ."

அவள் பின் விறாந்தையை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தாள். அங்கேதான் குளிப்பாட்ட இடம் இருந்தது. அந்த விறாந்தைக்கு நேர் பின்னால் மலையை வெட்டிய மண் சுவர். அதிலிருந்து சேற்றுத் தண்ணீர் கயிறு கயிறாக வழிந்துகொண்டிருந்தது. நுஸ்ஹாவின் பாதம் ஈரத்தில் வழுக்கியது. ராக்கம்மா பாய்ந்து தாங்கிக்கொண்டாள்.

அந்த வயிற்றையும், அந்த மண் சுவரையும் மஸாஹிரா மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த கணம், இன்னொருத்தி பேசுவது போலத் தன் குரல் தனக்கே கேட்டது.

"நீ கதிரையில இரி நுஸ்ஹா. இரிந்துகொண்டு செல்லித் தா. நான் குளிப்பாட்டுறன்."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா?" என்று கேட்க வந்தவர், நல்ல மனிதர், கேட்காமலே போய் அந்தப் பலகையைத் தூக்கினார்.

அவளுடைய பயத்துக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. எட்டு வயதில், விளையாடப் போன ஒரு வீட்டில் மரணம் நடந்தது. உம்மா உள்ளே இருக்கிறார் என்று தெரிந்து அவரைத் தேடிப் போனவள், கட்டியிருந்த சேலைத் திரையின் இடைவெளியில் கண்ணை வைத்துவிட்டாள். உள்ளே உம்மா குனிந்திருந்தார். இறந்துபோன அந்தப் பெண்ணின் கை, உம்மாவின் தோளைச் சுற்றிக் கிடந்தது. "நல்லாப் புடிச்சிக்கோங்கோ ராத்தா" என்று உம்மா அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மஸாஹிரா வீறிட்டுக் கத்திக்கொண்டு ஓடியவள்தான். அன்று ராத்திரி உம்மா சோறு பிசைந்து நீட்டியபோது வாயை இறுக மூடிக்கொண்டாள். அந்தக் கையில் கற்பூரம் மணத்தது. உம்மா நீட்டிய கையை ஒரு கணம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. ஏசவில்லை. பிடிவாதம் பிடிக்கவுமில்லை. எழுந்து போய் ஒரு கரண்டியைக் கழுவி எடுத்து வந்து, கரண்டியால் ஊட்டினார். அதன் பிறகு, யாரையாவது குளிப்பாட்டிவிட்டு வரும் நாட்களில் மகளுக்குக் கரண்டிதான். அதைப் பற்றி இருவரும் வாழ்நாள் முழுவதும் பேசிக்கொண்டதே இல்லை.

அலுமாரியின் கீழ்த்தட்டில் உம்மாவின் பொதி இருந்தது. கபன் துணி, கற்பூரம், அத்தர், இலந்தை இலைத் தூள், பஞ்சு. தனக்கென்று வாங்கி வைத்தது. யாராவது அவசரத்துக்குக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் தனக்கு வாங்கி வைப்பார். இந்த முறை அது அவருக்கே வாய்த்துவிட்டது.

மாமாவும் யோகராஜும் பலகையைப் போட்டு, விறாந்தையைச் சுற்றிச் சேலைகளால் திரை கட்டினார்கள். மாமா தன் ராத்தாவைப் போர்வையோடு தூக்கிக் கிடத்திவிட்டு, கண்ணைத் துடைத்தபடி வெளியே போனார். இல்மாவை முன்னறையில் உம்மும்மாவுக்காக யாசீன் ஓதச் சொல்லி உட்கார்த்தினார்கள். திரைக்கு வெளியே ஒரு பக்கம் நுஸ்ஹா கதிரையில் இருந்தாள். மறு பக்கம் ராக்கம்மா சுடுதண்ணீர் வாளியோடு நின்றாள்.

"நான் உள்ள வரமாட்டேன் பாப்பா. ஒங்க மொறைக்கு அது சரிப்படாது, எனக்குத் தெரியும்" என்றாள் ராக்கம்மா. "ஆனா இங்கயே நிக்கிறேன். கைய வெளிய நீட்டினா தண்ணி கெடைக்கும்."

மஸாஹிரா திரைக்குள் போனாள்.

மழை தகரத்தில் அறைந்தது. வெளிச்சம் மங்கலாக இருந்தது. போர்வைக்குக் கீழே உம்மாவின் உருவம் அவ்வளவு சிறியதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பின்னாலிருந்த மண் சுவரில் எங்கோ ஒரு சிறு கல் உருண்டு விழுந்தது. அந்தச் சத்தத்துக்கே அவள் பலகையை விட்டுத் துள்ளி விலகினாள்.

"பிஸ்மி செல்லுங்கோ மதினி" என்றது நுஸ்ஹாவின் குரல். "மனசுல நிய்யத்து வைங்கோ. இடுப்புல இருந்து முழங்கால் வரைக்கும் துணி மூடித்தான் ஈக்கோணும். உடுப்ப அதுக்குக் கீழால கழட்டுங்கோ."

செய்தாள். எப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு செய்தாள்.

"இப்ப மெதுவாத் தூக்கி, முதுகுக்குக் கை குடுத்து, பாதி இருத்தின மாதிரி வைங்கோ. மத்தக் கையால வயித்தப் பைய்யத் தடவோணும்."

உம்மாவின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினாள். தலை அவள் நெஞ்சின் மீது சாய்ந்தது. அப்போது, உம்மா பெருமூச்சு விட்டார்.

நன்றாகக் கேட்டது. நாள் முழுவதும் வேலை செய்த பெண் பாயில் சாயும்போது விடுவாளே, அந்த மாதிரி.

மஸாஹிரா எப்படியோ உம்மாவைப் பலகையில் கிடத்தினாள். அடுத்த நொடி திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து ராக்கம்மாவின் மேல் மோதி நின்றாள். வாளித் தண்ணீர் பாதி கொட்டிவிட்டது.

"மூச்சு... உம்மா மூச்சு..."

"அது காத்து மதினி" என்றாள் நுஸ்ஹா. "உள்ளுக்கு ஈக்கிற காத்து. தூக்கினா வரும் எண்டு வகுப்புல சென்னாங்க."

"எனக்கு ஏலா. மாமாவக் கூப்பிடு. தயம்மும் செய்யச் செல்லு. எனக்கு ஏலா நுஸ்ஹா, நான் பாவி, எனக்கு ஏலா."

நுஸ்ஹா கதிரையின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். ராக்கம்மா அவளுடைய தோளை அழுத்தி உட்கார வைத்தாள். பிறகு மஸாஹிராவின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். அவசரப்படுத்தவில்லை. வெறுமனே ஒன்று கேட்டாள்.

"அக்காவத் தனியா விட்டுட்டா வந்த?"

மஸாஹிராவின் அழுகை நின்றது. திரும்பித் திரையைப் பார்த்தாள். அதன் பின்னால் கூரையின் ஒழுக்கு பலகையில் சொட்டும் சத்தம் கேட்டது. உம்மாவின் கால் மாட்டில்தான் சொட்டுகிறது.

"போ. நான் பேசிக்கிட்டே இருக்கேன்" என்றாள் ராக்கம்மா. "எங்க ஆத்தா செத்தப்ப ஒங்கம்மா எனக்குச் செஞ்சது அதுதான். போ, உள்ள போயி கேளு."

மஸாஹிரா உள்ளே போனாள். ஒழுக்கு விழாத பக்கம் பலகையை நகர்த்தினாள். வெளியே ராக்கம்மா பேசத் தொடங்கினாள். கடைத்தெருவில் நின்று பேசுகிற அதே குரல், அதே வேகம்.

"எங்க ஆத்தா வேலாயி செத்தப்ப நாங்க மேல தோட்டத்து லயத்துல இருந்தோம். சொந்தமெல்லாம் பதுளைப் பக்கம். வர்ற வரைக்கும் பொணத்தோட நான் ஒருத்திதான். எனக்குப் பயம்னா பயம், வயித்தால போயிருச்சு. ஒங்கம்மா எப்படியோ கேள்விப்பட்டு மேல ஏறி வந்தாங்க. ஒன்னைய வயித்துல வச்சிக்கிட்டு வந்தாங்கடி. வந்து, 'உங்கட சடங்குல நான் கை வெக்கிறல்ல ராக்கு, நான் வெளிய இருக்குறன்'னு ஒரு சாக்க விரிச்சு வாசல்ல உக்காந்தாங்க. உக்காந்து பேசினாங்க பாரு. அம்மாடி! கருவாட்டு வெல, புருசன் கொறட்ட, மாமியா செஞ்ச கொடும, ஒன்னு விடல."

"எங்கட மாமியா பேசின?" நுஸ்ஹாவால் நம்ப முடியவில்லை. "மாமி வாய் தொறக்கமாட்டாங்களே. மதினி, இப்ப பல்லையும் மூக்கையும் துணியால துடைங்கோ. அதுக்குப் பொறகு வுளூ, முகமும் கையும் கழுவோணும்."

மஸாஹிரா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உம்மாவின் பற்களைத் துடைத்தாள். கை நடுங்கியது. ஆனால் காதுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

"அவங்களா வாய் தொறக்க மாட்டாங்க? நானே கேட்டேன், ஏங்கா இப்படி ஓயாமப் பேசுறீங்க, தொண்ட வத்திப்போகும்னு. அதுக்கு என்னா சொன்னாங்க தெரியுமா? 'எனக்குப் பயமா ஈக்கி ராக்கு, அதான்'னாங்க."

மஸாஹிராவின் கை நின்றது.

"என்ன சென்னீங்க ராக்கம்மா அக்கா?"

"பயம்மா, பயம். ஒங்கம்மாவுக்கு மையித்துன்னா அம்புட்டுப் பயம். கடைசி வரைக்கும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் கூப்பிட ஆள் வந்தா, போற வழியில எங்க வீட்டு வாசல்ல நின்னு, 'ராக்கு, கையப் பாரு'ன்னு நீட்டுவாங்க. ஐஸ் மாதிரி இருக்கும். நான் ரெண்டு கையாலயும் தேச்சு விடுவேன். அப்புறம் போவாங்க. உள்ள போயி, அந்தப் பொம்பளைங்களோட பேசுவாங்களாம். ராத்தா, மாமி, மகள்னு மொற வச்சு. பேசினாத்தான் கை வேல செய்யுமாம். இத யாருக்கும் சொல்லாதன்னாங்க. மகளுக்குத் தெரிஞ்சா இன்னும் பயப்படுவான்னாங்க. இன்னைக்குச் சொல்லிட்டேன். கோவிச்சுக்குவாங்களோ என்னமோ."

மஸாஹிரா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் முழுக்கண்ணையும் திறந்து பார்த்தாள். எட்டு வயதிலிருந்து, பயமே அறியாத ஒரு பெண்ணின் மகளாகத் தன்னை நினைத்து வெட்கப்பட்டவள் அவள். பயந்துகொண்டே எத்தனை வீடுகளுக்கு ஏறி இறங்கியிருக்கிறார் இந்த மனுஷி! குளிர்ந்த கையோடு போய், குளிர்ந்துபோன கைகளைப் பிடித்திருக்கிறார். வந்து மகளுக்குக் கரண்டியைக் கழுவியிருக்கிறார். அந்தக் கரண்டிக்கு இப்போதுதான் அவளுக்கு அர்த்தம் தெரிந்தது.

"தண்ணி தாங்கோ" என்று திரைக்கு வெளியே கையை நீட்டினாள்.

வாளி வந்தது. தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். உம்மா இப்படித்தான் பார்ப்பாராம் என்று பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பச்சைத் தண்ணீரே போதும் என்று மார்க்கக் கிதாபுகளில் இருந்தாலும், 'இந்தக் குளிர் ஊர்ல எப்படி மனசு வரும்' என்பாராம். சூடு சற்று அதிகமாக இருந்தது. மழைத் தண்ணீர் கொஞ்சம் கலந்தாள்.

"உம்மா" என்றாள். "உம்மா, தலையில தண்ணி ஊத்தப் போறன். கண்ண மூடிக்கோங்கோ."

வெளியே நுஸ்ஹா விம்முவது கேட்டது. ராக்கம்மா நிறுத்தவில்லை. பேச்சு இப்போது உம்மாவின் கஞ்சிக்குப் போயிருந்தது. நோன்பு மாதத்தில் முதல் கோப்பை தன் வீட்டுக்குத்தான் வரும் என்றும், எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கிற மனுஷிக்கு உப்பு மட்டும் போட மனம் வராது என்றும், அதைச் சொன்னால் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்றும் சொன்னாள். மஸாஹிராவுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு முட்டியது. அந்தச் சிரிப்போடு கண்ணீரும் தண்ணீரில் விழுந்தது.

தலை கழுவி, வலது பக்கம் கழுவியாயிற்று. இடது பக்கம் கழுவ உடம்பைத் திருப்ப வேண்டும்.

"உம்மா, கையத் தாங்கோ. நல்லாப் புடிச்சிக்கோங்கோ."

உம்மாவின் கையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு திருப்பினாள். ஈரமான அந்தக் கை அவள் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. எட்டு வயதில் இடைவெளியில் பார்த்த அதே காட்சி. உடம்பெல்லாம் மயிர் கூச்செறிந்தது. ஆனால் அவள் கையை விடவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் மண் சரிந்தது.

பெரிய சரிவு இல்லை. ஒரு மாட்டு வண்டி அளவு மண் சுவரிலிருந்து பெயர்ந்து, விறாந்தையின் விளிம்பில் தொப்பென்று விழுந்தது. திரைக் கம்பு ஒன்று சாய்ந்தது. சிவப்புச் சேறு தரையில் வழிந்து பலகையின் காலைத் தொட்டது. நுஸ்ஹா அலறினாள். முன்னறையில் இல்மாவின் ஓதல் நின்றது. மாமா வாசலிலிருந்து, "எல்லாரும் வெளிய வாங்கோ! போதும், வெளிய வாங்கோ!" என்று கத்தினார்.

மஸாஹிரா உம்மாவின் மேல் குப்புறக் கவிழ்ந்திருந்தாள். மண் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடுகிற பக்கம் அவள் ஓடவில்லை. ஏன் என்று அவள் யோசிக்கவுமில்லை. செத்துவிடுவோம் என்று நினைத்தாள். பிள்ளை முன்னறையில் இருக்கிறாளே என்று நினைத்தாள். அதே நேரத்தில், உம்மாவின் தலையில் இன்னும் இலந்தைத் தூள் ஒட்டியிருக்கிறதே என்றும் நினைத்தாள்.

"ராக்கம்மா அக்கா! நுஸ்ஹாவயும் புள்ளையயும் கூட்டிக்கொண்டு முன்னுக்குப் போங்கோ. நல்ல தண்ணி ஒரு வாளி வெச்சிட்டுப் போங்கோ."

"அவங்களத் தோட்டத்துப் பாதைக்கு யோகராஜு கூட்டிக்கிட்டுப் போறான்" என்றது குரல். அருகில்தான் கேட்டது. "நான் எங்கயும் போகல. தண்ணி இந்தா. இன்னொரு வாளியில கற்பூரமும் போட்டுட்டேன், நீ எடுத்து வச்சத. சீக்கிரம் ஊத்து. அப்ப நான் எங்க விட்டேன்? ஆங், உப்பு..."

ராக்கம்மாவின் குரலும் உடைந்திருந்தது. இருந்தாலும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். ஆண்டவன் தன் அடியாரைக் கைவிடாமல் காப்பதற்குச் சில நேரம் ஒரு கிழவியின் வாய் ஓயாத பேச்சே போதுமாக இருக்கிறது.

மஸாஹிரா நல்ல தண்ணீர் ஊற்றினாள். கற்பூரத் தண்ணீர் ஊற்றினாள். உடம்பைத் துடைத்தாள். முடியை மூன்று பின்னலாகப் பின்னினாள். சேறு காலடியில் ஏறிக்கொண்டிருக்க, விரல்கள் மட்டும் அவசரப்படவில்லை. பள்ளிக்கூடம் போகும் காலைகளில் உம்மா அவளுடைய தலையை எவ்வளவு இறுக்கிப் பின்னுவார், "நோவுது உம்மா" என்று அவள் எப்படிச் சிணுங்குவாள்! இன்று அவள் தளரப் பின்னினாள்.

குளிப்பாட்டும்போது உம்மாவின் உடம்பில் அவள் ஒன்றைப் பார்த்தாள். அதுவரை யாருக்கும் தெரியாத ஒன்று. அது என்ன என்று அவள் இன்று வரை சொல்லவில்லை. மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் கண்டதை மூடி வைக்க வேண்டும் என்பது மார்க்கம். உம்மா ஊரிலுள்ள எல்லாப் பெண்களுக்காகவும் அதைக் காத்தவர். ஆகவே இந்தக் கதையிலும் அது மூடியே இருக்கட்டும்.

கபன் உடுத்தி, கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, "மாமா, வாங்கோ" என்று கூப்பிட்டாள்.

மழையில் மேலே ஏறி, அஸருக்கு முன் அடக்கினார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு நின்றவர்கள் மூன்று ஆண்கள்தான். இந்த மனுஷிக்கு ஊரே திரண்டு நின்றிருக்க வேண்டும் என்று மாமா அழுதார். மையவாடிக்கு வெளியே, தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு யோகராஜும் கையைக் கட்டி நின்றான். மண் போட்டு முடிந்ததும் றவூப் வெளியே காத்திருந்த தன் ராத்தாவிடம் வந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"ராத்தா, உம்மாட உடம்புல... கட்டில்ல படுத்துப் படுத்து, நோவு ஏதும் ஈந்ததா? புண்ணு ஏதும்?"

மஸாஹிரா அவனுடைய நனைந்த சட்டையைச் சரிசெய்தாள்.

"தண்ணி சூடு அளவா ஈந்த தம்பி" என்றாள். "அவ்வளவுதான் செல்ல ஏலும்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு தலையை அசைத்தான். உம்மாவும் எந்த வீட்டிலும் இப்படித்தான் ஏதாவது சொல்லிவிட்டு வருவார் என்பது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

தோட்டத்துக் கோயில் மடத்தில் பாய்கள் விரித்திருந்தன. ஒரு மூலையில் தொழுவதற்கு என்று இடம் கூட்டி வைத்திருந்தார்கள். நுஸ்ஹாவைச் சுவரோரம் படுக்க வைத்து, காலுக்குத் தலையணை கொடுத்திருந்தார்கள். மேலே எங்கோ மலை முனகுவது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் மடத்துக்குள் பேச்சு நின்று, பிறகு தொடர்ந்தது. வீட்டின் பின் விறாந்தை போய்விட்டது என்று இப்ஹாம் வந்து சொன்னான். மஸாஹிராவின் கை மறுபடியும் நடுங்கத் தொடங்கியது. பயம் எங்கும் போய்விடவில்லை. செய்ய வேலை இருந்தவரை அது ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தது, அவ்வளவுதான்.

தோட்டத்துப் பெண்கள் சோறும் பருப்பும் கொண்டு வந்தார்கள். இல்மா பசியில் வாடிப்போயிருந்தாள். மஸாஹிரா பீங்கானை வாங்கிக்கொண்டு, ஒரு கரண்டி இருக்குமா என்று கேட்டாள். சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் அவளுடைய விரல்களில் கற்பூரம் மணத்தது. கரண்டியில் சோற்றை அள்ளி மகளின் வாயருகே கொண்டுபோனாள்.

இல்மா முகத்தைச் சுளித்தாள். "எனத்துக்கு உம்மா கரண்டி? கையால தாங்கோ."

"என்ட கை மணக்கும் மகள்."

பிள்ளை அவளுடைய கையை இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

"உம்மும்மாட மணம்" என்றாள். பிறகு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

மஸாஹிரா கரண்டியைப் பாயில் வைத்தாள். சோற்றைப் பிசைந்தாள். விரல்கள் நடுங்கி இரண்டு பருக்கைகள் மடியில் சிந்தின. பக்கத்தில் இருந்த ராக்கம்மா அதைக் கவனித்துவிட்டாள். மஸாஹிராவின் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிடத் தொடங்கினாள்.